புதன்கிழமை வகுப்பு

கிளைபேடா துறைமுகத்தில்
நாற்பது மீட்டர் உயரக் கிரேன் அறையிலிருந்து
முப்பது டன் பெட்டியைக்
கப்பலின் வயிற்றுக்குள்
முட்டை வைப்பதுபோல் வைப்பேன்.
ஆறு வயது ஸ்மில்தேயின் காய்ச்சலுக்கு
எத்தனை மில்லி மருந்து என்று
இரவு இரண்டு மணிக்கு
அவள் அம்மாவிடம்தான் கேட்டேன்.
எண்ணைச் சொன்னாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.
சொல்லாத அந்த வேறொன்று
விடியும்வரை அறையிலேயே நின்றது.

மறுநாள் வகுப்பு தேடத் தொடங்கினேன்.
முதல் எண்ணில் எடுத்த பெண்
"உங்கள் மனைவிக்கா?" என்றாள்.
இரண்டாவது கர்ப்பிணிகளுக்கு மட்டும்.
மூன்றாவது சரியாக என் ஷிப்ட் நேரத்தில்.
நான்காவதில் யாரும் பேசவே இல்லை,
காத்திருக்கச் சொல்லும் அந்த இசை மட்டும்
இப்போதும் எனக்கு மனப்பாடம்.
ஐந்தாவது கிடைத்தது:
நூலகத்தின் கீழ்த்தளம், புதன் மாலை ஆறு,
எட்டு வாரம், காபி இலவசம்.
படிவத்தில் 'தாயின் பெயர்' என்று இருந்ததை அடித்துவிட்டு
வைதோதஸ் என்று எழுதினேன்,
கொஞ்சம் அழுத்தமாக.
தாள் கிழிந்தது.

பதினோரு பெண்கள். ஆண்கள் இருவர்.
மற்றவன் ரிம்விதஸ்,
படகுத்துறையில் கார்களை வரிசைப்படுத்துகிறவன்.
மகனைப் பார்க்க அவனுக்கு இன்னும்
நீதிமன்றம் நாள் குறிக்கவில்லை.
ரப்பர் பொம்மையைக் குளிப்பாட்டும் பாடத்தில்
தண்ணீருக்குள் முழங்கையை வைத்துச் சூடு பார்த்தான்,
பிறகு ஒருமுறை, சந்தேகம் வந்து, மறுபடியும்.
காதுக்குப் பின்னால்கூடத் துடைத்தான்.
யாரும் சிரிக்கவில்லை.
சிரித்திருந்தால் தேவலை.

ஆசிரியை அவுஷ்ரா சொன்னாள்:
குழந்தைக்குக் கோபம் வந்தால்
முதலில் அந்தக் கோபத்தைப் பெயர் சொல்லி அழையுங்கள்.
குறித்துக்கொண்டேன். அடிக்கோடும் போட்டேன்.

வெள்ளிக்கிழமை வந்தாள் ஸ்மில்தே.
காலணியைக் கழற்றவில்லை.
நடு அறையில், கோட்டு மட்டும் இல்லாமல்,
ரயிலுக்கு நேரமிருக்கிறது என்பதுபோல் உட்கார்ந்தாள்.
பீட்ரூட் சூப் வைத்தேன்.
அந்த வீட்டில் இப்படி இருக்காதாம்.
கரண்டி தரையில் விழுந்தது; விழவில்லை, எறிந்தாள்.
"உனக்கு இப்போது கோபமாக இருக்கிறது" என்றேன்,
நோட்டுப் புத்தகத்தின் குரலில்.
"ஏன் டீச்சர் மாதிரி பேசுறே?
அப்பா மாதிரி பேசு."

அது எப்படி என்று
எட்டு வாரத்தையும் மனதுக்குள் புரட்டினேன்.
கரண்டியைக் கழுவி
நானே ஒரு வாய் குடித்துப் பார்த்தேன்.
"ஆமா. கேவலமா இருக்கு."
சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்து
மூக்கு வழியாகச் சிரித்துவிட்டாள்.
ரொட்டியும் வெண்ணெயும் தின்றோம்,
மேசை எல்லாம் தூளாக.

ஒன்பது மணிக்கு சோஃபாவில் தூங்கிப்போனாள்
காலணியோடு.
இடது காலுடையது கையோடு வந்துவிட்டது.
வலது காலில் அவள் அம்மாவின் இரட்டை முடிச்சு.
எனக்குத் தெரியும் அதை.
பார்சல்களுக்கும், பனிக்காலத்தில்
தூக்கக் கலக்கத்தில் கிளம்பும் என் பூட்ஸுக்கும்
ஒரு காலத்தில் போட்டது.
இழுத்தால் இறுகும் ஜாதி.
ரிம்விதஸைக் கூப்பிட்டுக் கேட்கலாமா என்றுகூட நினைத்தேன்.
பொம்மைக்குக் காலணி கிடையாது,
அவனுக்கு எப்படித் தெரியும்?

தரையில் முட்டிபோட்டு
நகத்தின் நுனியால்
ஒரு இழை, இன்னொரு இழை.
கிரேனில் காற்று வீசும் நாட்களில்
மூச்சைப் பிடித்துக்கொள்வேன், அப்படி.
அவிழும்.
ஞாயிறு ஆறு மணிக்கு அனுப்பும்போது
இதேபோல் திரும்பக் கட்ட
எனக்குத் தெரியாது.