நடுக்கோடு

பாடம்: அன்றாட வாழ்வில் அறிவியல்.
புத்தகத்தில் இரண்டரைப் பக்கம்.
சிரிக்கிற ஒரு குடும்பம், ஒரு குளிர்சாதனப் பெட்டி,
ஜன்னலுக்கு வெளியே ராக்கெட்.

வீட்டிலிருந்து ஆளுக்கொரு பொருள் கொண்டுவரச் சொன்னேன்,
எட்டாம் வகுப்பு பி பிரிவிடம்.
ராணிப்பேட்டையில் எங்களுக்கு
பிப்ரவரியிலேயே சித்திரை பிறந்துவிடும்.
காலை பத்து மணிக்கே
சாக்பீஸ் விரலில் ஒட்டுகிறது.

கரும்பலகையின் நடுவே ஒரு கோடு போட்டேன்.
இந்தப் பக்கம் நன்மை, அந்தப் பக்கம் தீமை.
பயிற்சிக் கல்லூரியில் எனக்குத் தந்த கோடு.
பதினாலு வருஷமாய்ப் போடுகிறேன்,
ஸ்கேல் வேண்டியதில்லை.

முதலில் வந்தது ஒரு குக்கர் விசில்.
அந்த வீட்டில் மதியச் சோறு என்ன ஆனதோ!
பிறகு ரிமோட், பாதி எரிந்த கொசுவத்திச் சுருள்,
யாருடையதோ இன்சுலின் ஊசியின் மூடி.
கிருபாகரன் மின்கட்டண அட்டையோடு வந்தான்:
"நூறு யூனிட்டுக்குள்ள மிஸ். துட்டே கிடையாது."
நன்மை, நன்மை என்று வகுப்பே கத்தியது.

நௌஷீன் இரண்டு பொருள் வைத்தாள்.
ஒன்று, அவள் அப்பாவின் ரப்பர் கையுறை.
முழங்கை வரை நீளம்,
விரல் நுனிகளில் துவைத்தும் போகாத நீலம்.
இன்னொன்று ஒரு பாட்டில் தண்ணீர், வீட்டு போரிலிருந்து.
வெளிச்சத்தில் பிடித்தால் மஞ்சள்.
"குடிக்க மாட்டோம் மிஸ், கேன் வாங்குவோம்.
இது பாத்திரம் கழுவ."

அந்தப் பக்கம் எழுது என்று கைகாட்டினேன்.
போனவள் நின்றாள்.
"கேன் காசும் அதே கம்பெனில இருந்துதான் மிஸ்.
என் பை, நோட்டு.
அண்ணனுக்கு சிஎம்சில கால்ல கம்பி வெச்சாங்களே,
அந்தத் துட்டும்."
கடைசி பெஞ்சிலிருந்து ஞானசீலன்:
"இன்னா மிஸ், ரெண்டு பக்கமும் கீதே அது!"

சிரித்தார்கள். நானும்.
மேசைக்கடியில் என் செருப்பு கண்ணில் பட்டது.
ஆம்பூரில் தள்ளுபடியில் எடுத்தது.
நல்ல தோல். மூன்று வருஷம், ஒரு தையல் விட்டதில்லை.

ஆய்வக அலமாரியில்
பொட்டாசியம் டைகுரோமேட் வைத்திருக்கிறேன்.
ஆரஞ்சுப் படிகம், பார்க்க அத்தனை அழகு.
'கையால் தொடாதே' என்று
சிவப்பு மையில் நானே எழுதி ஒட்டிய சீட்டு.
நௌஷீன் தெருவில் அந்தச் சீட்டை
எங்கே ஒட்டுவது, குழாயிலா?

அதற்குள் ஃபோன் அதிர்ந்தது.
வருகைப் பதிவு இன்னும் ஏறவில்லையாம்.
சிக்னலுக்காக ஜன்னல் கம்பிக்கு வெளியே
கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.
சுற்றிச் சுற்றி வந்த வட்டம் நிற்கும்வரை
அரசாங்கக் கணக்கில்
நாற்பத்தோரு பிள்ளைகளும் பள்ளிக்கே வரவில்லை.
அவர்களோ என் முதுகுக்குப் பின்னால்
கோட்டைப் பற்றிச் சண்டை.

திரும்பினால்,
நௌஷீன் கோட்டின் மேலேயே எழுதியிருந்தாள்.
'தண்' இந்தப் பக்கம்,
'ணீர்' அந்தப் பக்கம்.

அதைப் பார்த்து எல்லோரும் நடுவுக்கு வந்தார்கள்.
குக்கர் வந்தது, கொசுவத்தி வந்தது,
ரிமோட்டுக்காரன் வீட்டில் நேற்று நடந்த சண்டை வந்தது.
கிருபாகரன் மட்டும் அட்டையை நகர்த்த விடவில்லை.
"கரண்டு நல்லதுதான் மிஸ்."
அவன் வீட்டுக்குக் கம்பி இழுத்து ஆறு மாசம்.
அவனிடம் நான் என்ன வாதாட?

மணி அடித்தது.
கணக்கு சார் வந்து பலகையைத் துடைத்தார்,
மேலிருந்து கீழாக, அவர் வழக்கப்படி.

பாட்டில் என்னிடம் தங்கிவிட்டது.
வேப்பமரத்துக்கு ஊற்றப் போய், மனம் வராமல்,
மூடியை இறுக்கி
அலமாரியில் ஆரஞ்சுப் படிகத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.
சீட்டு வெட்டி, சிவப்புப் பேனாவும் எடுத்தாயிற்று.

இதுவரை
தேதி மட்டும்தான் எழுதியிருக்கிறேன்.