கபிலம்

முதலில் குருதிக்குழாயைப் பார்.
அதன் சுவர் கபிலமாகியிருக்க வேணும்.
பிறப்பிலேயே மழமழப்புத் தசை அது.
அதில் நிறம் ஏறவில்லை என்றால்
இந்த வழுக்கியில் மிச்சமெல்லாம் பொய்.

ஏறியிருக்கிறது.
கொழும்பிலிருந்து இரவு ரயிலில்
ஐஸ்பெட்டிக்குள் வந்த பிறபொருளெதிரி
ஒரு கிழமை பிந்தியும் உயிரோடுதான் இருக்கிறது.
ஒரு துளி என்ன விலை என்று
கோகிலவதனி டொக்டர் இரண்டு தரம் சொல்லிப்போட்டா.

இனி மெல்ல நகர்த்து.
தைரொயிட்டின் நல்ல பக்கம்:
வட்ட வட்டமாய்ச் சிறுபைகள்,
இடையில் தொடுப்பிழையம்,
ஒட்டிக்கொடுக்கும் வேலை மட்டும் தெரிந்த
மெல்லிய நீளக் கலங்கள்.
நிறமில்லை. இருக்கவும் கூடாது.

இன்னும் இடப்பக்கம்.
கட்டியின் விளிம்பு.

அதே கலங்கள்.
அதே நீளம், அதே ஒடுங்கிய கரு.
ஆனால் உடம்பெல்லாம் கபிலம்.
தசைக்குரிய நாரைத் தாங்களே நெய்து
உள்ளுக்குள் கட்டிக்கொண்டு
இறுகி நிற்கின்றன.
யார் போய்ச் சொன்னது இவைக்கு?
கட்டியில் ஒரு கலமும் இந்த நிறத்தைத் தொடவில்லை.
அது வெறும் நீலமாய், ஒன்றும் அறியாததுபோல்
நடுவில் இருக்கிறது.

வளைத்துக் கட்டுகினமா,
வழி விடுகினமா?
இரண்டுக்கும் ஒரே சாயந்தான்.
இந்த ஊரில் எனக்கு வேறொன்று ஞாபகம் வரும்.
வரவிடுவதில்லை.
அறிக்கையில் அதற்குக் கட்டம் இல்லை.

"எத்தின வீதம், றெஜினோல்ட்?"
அறுபது என்றேன்.
திரும்ப எண்ணினேன். ஐம்பத்தைந்து.
நடுவில் கரண்ட் போய், ஜெனரேற்றர் இருமி எழும்பும்வரை
இருட்டில் அந்த நிறம் மட்டும் கண்ணுக்குள் நின்றது.

பெயரை நாங்கள் பார்ப்பதில்லை, இலக்கம்தான்.
இன்றைக்குத் தாள் மடிந்து கிடந்ததில் கண்ணில் பட்டது:
பெண், நாற்பத்து நான்கு, குருநகர்.
தொழில்: அறிவிப்பாளர், பஸ் நிலையம்.

பஸ் நிலையம் இந்த யன்னலுக்கு அங்கால்தான்.
பதினொரு வருசம்
நான் சாயம் ஊற்றி, கழுவி, நிமிடம் எண்ணினதெல்லாம்
அவவின் குரலுக்குள்.
"எழுநூற்றைம்பது, பருத்தித்துறை, புறப்படத் தயார்"
என்றால் முதற்கழுவல் முடிந்திருக்கும்.
மணிக்கூடு பார்க்கத் தேவையில்லை.

மூன்று கிழமையாய் ஒரு பெடியன் கத்துகிறான்.
ஊர்ப்பெயர்களை விழுங்குகிறான்.
எரிச்சல்தான் வந்தது எனக்கு,
வேறொன்றும் யோசிக்கவில்லை.

குரல்நரம்பு கட்டிக்கு எவ்வளவு பக்கத்தால் போகிறது
என்பது இந்த வழுக்கியில் தெரியாது.
நாலு மைக்கிரோன் தடிப்பம்.
அவ்வளவுதான் அவ எனக்கு.

ஐம்பத்தைந்து என்றே எழுதினேன்.
விளிம்பில், வன்மையாக.

மூன்றரைக்கு ஒலிபெருக்கி கரகரத்தது.
ஒரு பொம்பிளைக் குரல்,
"கொடிகா" என்று தொடங்கி நின்றது.
சரித்த போத்தலோடு நானும் நின்றேன்,
மிச்ச இரண்டு எழுத்துக்காக.