நூற்று அறுபத்திரண்டு

வல்பரைசோவில் இருபத்திரண்டு வருடமாக
விசையிழுத்து ஊரையே மேட்டுக்கு ஏற்றுகிறவன் நான்.
என் விசையறை உச்சியில்.
அதற்கு பஸ்ஸில் போவேன்.

மார்ச்சில் டாக்டர் ஒல்கீன்
என் ரத்தச் சீட்டை இரண்டு முறை படித்துவிட்டு,
"உங்கள் சரிவுப்பெட்டிக்குப் பக்கத்தில்
படிக்கட்டு இருக்கிறதல்லவா?" என்றார்.
இருக்கிறது. எண்ணியதில்லை அதுவரை.

முதல் ஞாயிறு, முப்பத்தெட்டோடு உட்கார்ந்துவிட்டேன்.
மாற்று ஆள் இழுத்த பெட்டிக்குள்ளிருந்து
மீன்காரி எர்மிந்தா கையசைத்தாள்.
திருப்பி அசைக்கத் திராணியில்லை.

ஜூன் மழையில் பதினொரு நாள் ஏறவில்லை.
கேட்டால் மழை என்பேன்.
நான்கு நாள்தான் பெய்தது.

பன்னிரண்டாம் நாள் ஏறியதற்கும்
பெரிய காரணம் ஒன்றுமில்லை.
ஷூ வாசலில் கிடந்தது, காலை நுழைத்தேன்.
மன உறுதி என்கிறார்களே, அது
எழுபதாம் படிக்கு மேல்தான் வந்து சேர்ந்தது,
என்னைப் போலவே மூச்சிரைத்துக்கொண்டு.

இரண்டு கிலோ குறைந்தது.
செப்டம்பர் திருவிழாவின் எம்பனாடாவோடு
ஒன்று திரும்பி வந்தது.

தொண்ணூற்று நான்காம் படியில்
நீலச் சுவரோரம் ஒரு நாய்.
முன்பெல்லாம் குரைக்கும்.
இப்போது கண்ணைக்கூடத் திறப்பதில்லை.
அதற்கு நான் பழகிப்போன சத்தம்.

எனக்குத்தான் இன்னும் பழகவில்லை.
நூறு தாண்டினால் விலா பிடிக்கிறது,
சாவித்துளை அங்குமிங்கும் நகர்கிறது.
நகரட்டும்.
மணி ஏழாக நான்கு நிமிடம்.
கீழே கூடையோடு நிற்பாள் எர்மிந்தா,
முதல் பெட்டிக்கு.