லாம்

பிப்ரவரியில்,
ஆறு இன்னும் லாரி தாங்கும் கனத்தில் உறைந்து கிடந்தபோது
மிரேய் வெலெட்டுக்கு ஒரு கடிதம் வந்தது.
மெலிந்த உறை, உள்ளே ஒற்றைத் தாள்.
தடித்த உறை வந்தால் இடம் உண்டு,
மெலிந்தது வந்தால் கைவிரிப்பு
என்பது எங்கள் பள்ளியில் எல்லோருக்கும் தெரிந்த சாத்திரம்.
அதனால் தபால்காரி பெல்ட்டியே
அவள் முகத்தைப் பார்க்காமல் நீட்டினாளாம்.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.
அன்று தெரிந்தது இவ்வளவுதான்:
காலையில் என் பிக்கப்பில் ஏறியவள்
"உனக்கு ஏதாவது வந்ததா?" என்று கேட்கவில்லை.
நவம்பரிலிருந்து
அந்தக் கேள்வி இல்லாமல் நான் கியர் மாற்றியதே இல்லை.

ஒரே கல்லூரிக்குத்தான் இருவரும் எழுதினோம்.
ஒரே நூலகம், மை தீர்ந்துகொண்டிருந்த ஒரே பிரிண்டர்.
அவளுடைய கட்டுரை: அப்பாவின் உருளைக்கிழங்குக் கிடங்கில்
ஹீட்டர் அணைந்துபோன இரவு.
என்னுடையது: ஹாக்கியில் நான் விட்ட கோலும்
கூடவே விட்ட பல்லும்.
அதில் மூன்று அடைமொழிகளை அவள்தான் அடித்தாள்.
"பல் போதும், ரெமி. வீரம் வேண்டாம்."

பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது.
வேதியியல் புத்தகத்தை அவள் யாருக்கும் இரவல் தரவில்லை.
தேர்வில் எழுபத்தொன்று வாங்கிவிட்டுச் சிரித்தாள்.
என் வீட்டு வாசலில் வண்டி நின்றால்
தபால் பெட்டி இருக்கும் பக்கம் மட்டும் திரும்புவதில்லை.
அதில் எனக்கு விதைப் பட்டியலும் மின்சார பில்லும்.

ஆலோசகர் ஹாஸ்கலிடம் போனேன்.
"சிலருக்கு முன்கூட்டியே சாடையாக எழுதுவதுண்டு.
வராவிட்டால் அதற்கு அர்த்தம் எதுவும் இல்லை"
என்றார், ஸ்டேப்ளரைப் பார்த்துக்கொண்டு.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே.
மணி அவள் வீட்டில் கேட்டுவிட்டது.
அரை மைல் தள்ளியிருக்கும் என் வீட்டில் கேட்கவில்லை.
இருப்பது ஒரே யானையா?
இல்லை, இந்தப் பக்கம் வருகிற யானைக்கு
யாரும் மணி கட்டவில்லையா?

அந்தத் தாளில் இருந்ததைக் கோடையில் காட்டினாள்.
முறையான முடிவை மார்ச் இறுதிக்கு முன் சொல்ல இயலாது.
ஆயினும் தாங்கள் நம்பிக்கையோடு இருக்கலாம்.
அவ்வளவே.
கையெழுத்துப் போட்டவர்
ஆம் என்று எழுதவில்லை,
ஒரு 'லாம்' போட்டு நிறுத்தியிருந்தார்.
அதன் மேல் ஒரு பெண்
ஆறு வாரம் நடந்து போயிருக்கிறாள்,
விரிசல் சத்தம் கேட்கிறதா என்று குனிந்து பார்த்தபடி.

மார்ச்சில் ஊரே பனி உடையும் நாளுக்குப் பந்தயம் கட்டியது.
ஆற்றின் நடுவே ஆரஞ்சுப் பீப்பாய்,
அதிலிருந்து தீயணைப்பு நிலையத்துக் கடிகாரத்துக்கு ஒரு கம்பி.
ஒரு ஊகத்துக்கு இரண்டு டாலர்.
மிரேய் என் பெயரிலும் ஒன்று கட்டினாள்.
எந்தத் தேதி என்று சொல்லவில்லை.
சொல்லாமலிருப்பதில் அதற்குள் அவள் கைதேர்ந்திருந்தாள்.

முடிவு வருவதற்கு இரண்டு நாள் இருந்தது.
இரவு. ஈரப் பனி. வைப்பர் ஒன்று வேலை செய்யவில்லை,
அவள் பக்கத்து வைப்பர்.
"வியாழன் ஏழு மணிக்கு
நீ பார்க்கும்போது நான் உன் வீட்டுக்கு வரட்டுமா?"

அதே ஏழு மணிக்குத்தானே
உன்னுடையதும் வரும் என்று
நான் கேட்கவில்லை.
கேட்காததை அவள் கேட்டுவிட்டாள்.
கையுறையைக் கழற்றி, மாட்டி,
மறுபடி கழற்றினாள்.
பாலத்தின் கீழே எதுவோ முனகியது,
பனியாக இருக்கும்,
இல்லை எங்கள் சைலன்சர்.

"வரலாம்" என்றேன்.