புள்ளி இரண்டு

பிப்ரவரி, செவ்வாய், காலை ஒன்பதரை.
கடலிலிருந்து ஏறிய மூடுபனி கார் நிறுத்துமிடம்வரை வந்துவிட்டது.
இரண்டாம் மாடி அறையில் ஹீட்டர் ஒரு பக்கம்தான் சுடும்.
அந்தப் பக்கத்தில் நிதி இயக்குநர் எமிர்.

கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை.
வெல்ஷில் ஒரு பிரதி, ஆங்கிலத்தில் ஒரு பிரதி.
இரண்டிலும் யாரும் அழுவதில்லை.

இந்த ஆண்டு பதினேழு வந்திருக்கின்றன.
வார்டுகள் அனுப்பியவை, புகார்ப் பெட்டியில் கிடந்தவை,
கார்டிஃபிலிருந்து ஆணையாகவே வந்த இரண்டு.
மூன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.
மிச்சம் அடுத்த பிப்ரவரிவரை பொறுத்துக்கொள்ளும்.

மஞ்சள் ஒட்டுத்தாள்களை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டுகிறாள் நெரிஸ்.
படுக்கைப்புண்.
நள்ளிரவில் குப்பைத்தொட்டி மூடி அடிக்கும் சத்தம்.
காது கேளாதவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு
வரவில்லை என்று எழுதுவது.
வீட்டுக்குப் போகலாம் என்றபின் மாத்திரைப் பைக்கு ஆறு மணி நேரம்.
பின்னால் பனி நகர்கிறது,
தாள்கள் ஒன்றிலும் ஒட்டாமல் தொங்குவதுபோல் இருக்கின்றன.

குப்பைத்தொட்டிதான் முதலில் போனது.
"அளக்க முடியாது" என்றார் டாக்டர் கெதின்.
நெரிஸ் உரித்தாள். பசை அவள் விரலை விடவில்லை,
பாதிக் கூட்டம்வரை அவளோடு சேர்ந்து கையாட்டியது.

ரத்தத்தில் நச்சேறினால் ஒரு மணிக்குள் மருந்து:
அதற்கு வாதமே இல்லை.
மாத்திரைப் பைக்கு நாற்பது நிமிட வாதம்.
மருந்தகம் இரண்டு ஆள் கேட்டது,
எமிர் அரை ஆள் தருகிறேன் என்றார்.
யானைப் பசிக்குச் சோளப்பொரி.
அரை ஆளை வாங்கிக்கொண்டோம்.

பிறகு, விழுதல்.
சென்ற ஆண்டு இந்தக் கட்டடத்தில் விழுந்தவர்கள்
இருநூற்றுப் பன்னிரண்டு.
"பத்து சதவீதம் குறைப்போம்" என்றாள் நெரிஸ்.
எமிர் கணக்குப் போட்டார், கை சும்மா இருக்காது அவருக்கு.
"இருபத்தொன்று புள்ளி இரண்டு.
அந்தப் புள்ளி இரண்டை என்ன செய்யலாம்?"
சிரித்தோம்.
ஹீட்டர்கூட ஒருமுறை கனைத்தது.

மேசை ஓரத்தில், நோயாளிகள் சார்பில் வருபவர்,
திருமதி மெய்னிர் புரோபர்ட்.
இரண்டு பஸ் மாறி வருவார்,
பயணப்படி படிவத்தை ஒருநாளும் கேட்டதில்லை.
"அது என் கணவர்" என்றார்.

வேடிக்கைக்குச் சொல்கிறாரா என்று பார்த்தோம்.

"நவம்பரில். அதிகாலை மூன்றேகால்.
மணியை அழுத்தினார். மறுபடி அழுத்தினார்.
அப்புறம் தானே எழுந்தார்.
கழுவுதொட்டியைப் பிடித்துக்கொண்டார்.
முழங்கால் மடங்கியது, தரையைத் தொடவில்லை.
இருபது நிமிடம் அப்படியே நின்றார். தொங்கினார்.
அதற்கு என்ன சொல் என்று எனக்குத் தெரியவில்லை.
படிவத்தில் 'விழுந்தாரா' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று குறித்தார்கள்.
சரிதான், விழவில்லை.
வீட்டுக்கு வந்தபின் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்,
இரவில் எழ வேண்டியிருக்குமே என்று."

யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.

"மணியடித்தால் எத்தனை நிமிடத்தில் போகிறோம்?" கேட்டது எமிர்தான்.
நெரிஸ் கெதினைப் பார்த்தாள், கெதின் தாள்களைப் பார்த்தார்.
பதினேழில் மணி இல்லை.
வெற்றுத் தாளும் தீர்ந்திருந்தது.
விரலில் ஒட்டியிருந்ததை உரித்துத் திருப்பி
'மணி' என்று எழுதினாள் நெரிஸ்,
'விழுதல்' இருந்த இடத்தில் ஒட்டினாள்.
இரண்டு பேர் ஒப்பவில்லை. கார்டிஃப் கேட்குமே என்றார்கள்.
கேட்கும்தான்.
குப்பைத்தொட்டி மூடி இன்றிரவும் அடிக்கும்.

பன்னிரண்டேகால் பஸ்ஸுக்கு அவர் கிளம்பிவிட்டார்.
சாயங்காலம் குறிப்பை எழுத உட்கார்ந்தேன்.
விவாதிக்கப்பட்டது. பெரும்பான்மையாக ஏற்கப்பட்டது.
இலக்கு: அதை யாரும் சொல்லவில்லை, கட்டம் காலி.
அந்த ஒரு சொல்தான் வரவில்லை.
வெல்ஷில் தேடினேன். ஆங்கிலத்தில் தேடினேன்.
'நின்றார்' என்று எழுதி அடித்தேன்.
'பிடித்துக்கொண்டிருந்தார்' என்று
இப்போதைக்கு இருக்கிறது.