கழிவு

நோர்வூட்டுக்கு மேலே, ஏழாம் நம்பர் மலை.
மூன்று மணிக்கே பனிமூட்டம் இறங்கிவிட்டது.
உரப்பை ஒன்றை விரித்து அதன்மேல் என் பெட்டி:
ஊசி, பஞ்சு, ஸ்பிரிட், இரத்தம் பார்க்கும் மெஷின்,
நெறிமுறைக் குழு முத்திரை குத்திய
பதினான்கு பக்க வினாக்கொத்து.

எழுமாற்று அட்டவணை நிரையிலிருந்து
ஒருத்தியைக் கூப்பிட்டுத் தந்தது.
இலக்கம் 047.

"உங்க பேரை எங்கயும் எழுத மாட்டோம்" என்றேன்.
சிங்களத்திலும் தமிழிலும் சொல்லிப் பழகிய வாக்கியம்,
யாரையும் அது பயமுறுத்தியதில்லை.
அவள் கூடையை இறக்காமல் நின்றாள்.
"பேர் போடலன்னா நாள் போச்சே தங்கச்சி."

இது அந்தப் பேர் இல்லை என்று விளக்கினேன்,
அந்தரங்கம், இரகசியம், உரிமை என்றெல்லாம்.
"பேருல அது இதுன்னு வேற இருக்கா?"
கேட்டுவிட்டுக் கையை நீட்டினாள்.

மோதிர விரல்.
தேயிலைக் கறை ஏறி, வெடிப்புக்கு வெடிப்பு கறுப்புக் கோடு.
ஊசி இரண்டு தரம் தோற்றது.
காலையில் மெஷினைச் சோதிக்க என் விரலில் குத்தினேன்,
ஒரே குத்து, உடனே துளி.
அந்த விரலை இப்போது மடக்கி வைத்துக்கொண்டேன்.

"அட்டைக்கு ஒரே கடியில தெரியுது.
நீ எத்தன வருசம் படிச்ச?"
நிரை முழுக்கச் சிரித்தது.
"அட்டை கேக்காம எடுக்கும்டி,
இது கையெழுத்து வாங்கிட்டு எடுக்குது"
என்றது செடிக்குப் பின்னால் ஒரு குரல்.
நானும் சிரித்தேன். மூன்றாம் குத்தில் வந்தது.

கேள்வி முப்பத்தொன்று.
கடந்த ஏழு நாளில் மீன், முட்டை, இறைச்சி எத்தனை தடவை?
"எந்த ஏழு நாளு?
பத்தாந்தேதிக்கு முந்தியா, பிந்தியா?"
அதற்குக் கட்டம் இல்லை.
தெரியாது என்றால் 99 போட வேண்டும்.
போட்டேன்.
தெரியாதது அவளுக்கில்லை.

மெஷின் 11.2 என்றது.
"இதுல அரை கழிக்கணும் அக்கா."
"ஏன்?"
"மலை உசரம். உசரத்துல இருக்கிறவங்களுக்கு
கொஞ்சம் கூடத்தான் காட்டும்."
அவள் கீழே ரோட்டைப் பார்த்தாள்.
தராசு தொங்கத் தொடங்கியிருந்தது.
சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு ஒரு கிலோ
கழித்து எழுதிக்கொண்டிருந்தார் கணக்கப்பிள்ளை.
"இங்கயுமா" என்றாள்.

என் நேர்காணல் இருபத்தைந்து நிமிடம்.
அது எத்தனை கிலோ கொழுந்து என்று
ஆய்வு முறையியலில் நான் எழுதவில்லை.
'வரம்புகள்' என்றொரு பகுதி கடைசியில் வரும்,
அரைப் பக்கம்.
அவள் பறித்தது பதினாறரை, கழித்தால் பதினாலரை.

வெறுங்கூடையோடு ஏறி வந்தாள்.
ஏசப்போகிறாள் என்று பெட்டியை மூடினேன்.
"அங்க அரைப்பேரு.
நீயாவது முழுசா போடு."
சொன்னாள், தகப்பன் பேரிலிருந்து;
அடையாள அட்டையில் பிழையாய் விழுந்த
ஒரு எழுத்தைத் திருத்திச் சொன்னாள்.
நான் எழுதுகிறேனா என்று
பேனாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.
எழுதுவது போல அசைத்தேன்.

பேராதனையில் இரவு பதினொன்றேகால்.
மாதிரி போதும், விடுபட்ட தரவு எத்தனை வீதம்
என்று மேற்பார்வையாளர் கேட்டிருக்கிறார்.
கணினியில் 047க்கு நேரே 10.7,
அதற்கு நேரே 99.
நாளை மறுநாள் புள்ளிவிபரவியல் பரீட்சை.
நியம வழு, நம்பிக்கை ஆயிடை, கைவர்க்கம்
ஒன்றும் மண்டையில் நிற்கவில்லை.
நிற்பது ஒரு பெயர்தான்,
கொம்பு கால் பிசகாமல்.

வினாத்தாளில் அது வராது.
இங்கே எழுதவும் அனுமதி இல்லை.