பழுப்பில் ஒரு துளி

அச்சகத்தில் என் வேலை மை கலப்பது.
தார்த்து நகரம், ஆற்றோரம், நிலவறை.
மேலே எந்திரம் ஓடினால்
கோப்பைத் தேநீரில் வட்டங்கள் நடுங்கும்.

ஹெல்யு சரப்பூ வருவதை
படியில் காலணிப் பனியைத் தட்டும் சத்தத்தில் அறிவேன்.
கக்கத்தில் அட்டை உறை, அதற்குள்
முள்ளெலிகள், ஒரு கரடி,
பனிச்சறுக்கில் குப்புற விழுந்த நரி.
உறையைத் திறக்குமுன் கையைப் பாவாடையில் துடைப்பாள்,
பிறகு என் கையைப் பார்ப்பாள்.
நானும் துடைப்பேன்.

அவளுக்கு இருந்தது ஒரே மேசை.
மகன் சாப்பிட்டு எழுந்ததும்
ரொட்டித் துகளை ஊதிவிட்டுத் தாளை விரிப்பாள்.
டிசம்பரில் பகல் மூன்றரைக்கே கடையைக் கட்டிவிடும்.
"விளக்கு வெளிச்சம் பொய் சொல்லும்" என்பாள்,
குளிர்காலம் முழுக்கக் கோடு மட்டும்.
நிறமெல்லாம் மார்ச்சுக்குக் காத்திருக்கும்.

மகன் ஊர்மாஸுக்கு இடது காது மேலே சற்று மடிந்திருக்கும்.
முயலுக்கு, மன்னனுக்கு, நிலாவுக்குக்கூட
அந்தக் காதுதான்.
வளர்ந்ததும் அவன் கப்பல் எந்திர வேலைக்குப் போனான்,
கோடையிலும் தொப்பியைக் கழற்றமாட்டான்.

எழுபத்தாறில் அந்தத் தகைவிலான் குருவி வந்தது.
முதுகில் நீலம், வயிற்றில் வெள்ளை, வாலில் கறுப்பு.
பிறக்கும்போதே போட்டுக்கொண்டு வந்த சட்டை,
அவள் ஒன்றும் தைக்கவில்லை.
ஆனால் அந்த மூன்று நிறத்தை
ஒன்றாக வைத்தால் அந்நாளில்
கொடியொன்று ஞாபகம் வரும்,
ஞாபகம் வரக் கூடாத கொடி.
குழு மூன்று வாரம் பார்த்தது.
கடிதத்தில் கொடி என்ற சொல்லே இல்லை:
'பறவையின் நிறம் குழந்தைகளுக்கு ஏற்றதல்ல.
பழுப்பைப் பரிசீலிக்கவும்.'

பரிசீலித்தாள். மாதக் கடைசி, வாடகை பாக்கி.
பதினோரு பக்கம், பதினோரு பழுப்புக் குருவி.
கடைசித் தாளை என்னிடம் தந்துவிட்டு
எந்திரச் சத்தம் கூடும்வரை நின்றாள்.
"பழுப்பு டப்பாவில் ஒரு துளி நீலம் விடு.
கண்ணுக்குத் தெரிய வேண்டாம்.
இருந்தால் போதும்."

சரி என்றேன்.

மறுநாள் கேட்டாள். விட்டுவிட்டேன் என்றேன்.

விடவில்லை.
டப்பாக்களை எடைபோட ஓர் ஆள் இருந்தான்,
எனக்கு இரண்டு பெண்கள் இருந்தார்கள்,
இதையெல்லாம் இப்போது சொல்லி என்ன.
கத்தி முனையில் நீலத்தை எடுத்தது உண்மை.
துணியில் துடைத்ததும் உண்மை.

கொடி திரும்பி வந்தது.
புதுப் பதிப்புக்காரர்கள்
நீலத்திலேயே வரைந்து தாருங்கள் என்று வந்தார்கள்.
மாட்டேன் என்றாளாம்:
"பழுப்பை நம்பி இத்தனை பிள்ளைகள் வளர்ந்தாகிவிட்டது.
தவிர, உள்ளே நீலம் இருக்கிறதே."

எண்பத்தொன்றில் நூலகத்தில் அவளுக்கு ஒரு கண்காட்சி.
கடைசி வரிசையில்
கோட்டைக் கழற்றாமல் நின்றேன்.
தரையில் இருபது குழந்தைகள்.
நடுங்கும் விரலால் குருவியைக் காட்டி
அவள் சொன்னாள், ரகசியம்போல்:
"உற்றுப் பாருங்கள், இதில் நீலம் இருக்கிறது.
அங்கே நிற்கிறாரே, அவர் கலந்தது."

இருபது தலைகள் என் பக்கம் திரும்பின.
பிறகு படத்தின் பக்கம்.
முன்பல் விழுந்த ஒரு பையன்
"தெரியுது" என்றான்.
"எனக்கும்."
"இறக்கைக்கு அடியில்!"
"நிறைய இருக்கு" என்றாள் ஒரு சிறுமி,
கொஞ்சம் சலிப்போடு.

வீட்டுக்கு வந்து பழைய பிரதியைத் தேடினேன்.
பெருக்குக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பழுப்பு.
விளக்கை அருகே இழுத்தேன். பழுப்பு.
மனைவி எழுந்து வந்து என்ன தேடுகிறாய் என்றாள்.
ஒன்றுமில்லை.
விளக்கு பொய் சொல்லும்.
மார்ச் வரட்டும்.